கேதீச்சரத்து மண்ணில் எங்கள் உழவாரம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு சிவராத்திரிக்காவது கடல் தாண்டி, இலங்கையில் மன்னார்ப் பக்கம் இருக்கும் திருக்கேதீச்சரம் போய் வாருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், கோயில் தரையில் புல் செதுக்கும் உழவாரம் எடுத்துக்கொண்டு போங்கள். தரிசனத்துக்கு என்று போனால் சுவாமியைக் கும்பிட்டுவிட்டு வேன் ஏறிவிடலாம். பணிக்கு என்று போனால் ஓர் ஊரே நம்மை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. போய் வந்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சொல்லித் தீரவில்லை.

எங்கள் திருக்கூட்டம் உருவானது திருமுல்லைவாயிலில். மாசிலாமணீசுவரர் கோயிலை அறியாதவர் இந்தப் பக்கம் உண்டா? தொண்டைமான் தன் யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியை வாளால் வெட்ட, உள்ளிருந்த லிங்கத்தின்மேல் வெட்டு விழுந்ததாம். அந்தக் காயம் ஆற ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு. கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள், சுவாமிக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து நிற்கும் நந்தி. கொடியிடை அம்மனுக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் நெரிகிறது. நெரிந்த கூட்டம் போன பிறகு தரையைப் பார்ப்பவர் யார்? அப்படிப் பார்க்கத் தொடங்கிய நாலைந்து பேரால் வந்ததுதான் எங்கள் கூட்டம். டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயாக்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர்கள், அயப்பாக்கம் குடியிருப்பிலிருந்து வரும் அக்காமார், பூந்தமல்லியிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் கல்லூரிப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவேற்காடு வேதபுரீசுவரர் கோயிலுக்கும் போவோம், திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலுக்கும் போவோம். திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒருகால பூசைக்கே திண்டாடும் சிறிய கோயில் என்றால் ஆள் தானாகவே கூடிவிடும்.

எங்கள் உழவாரம் கடையில் வாங்கியதில்லை. எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் அடியார் ஒருவர் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி, காய்ச்சி, தட்டி, சாணை பிடித்துத் தருவார். நீண்ட மரப்பிடி, முனையில் தட்டையான இரும்பு. கல்தரை இடுக்கில் முளைத்த புல்லை நின்றபடியே செதுக்கி எடுக்கலாம். இந்த வேலையிலும் படிப்பு இருக்கிறது. சுவரில் முளைத்த அரசங்கன்றை ஆத்திரத்தோடு இழுத்தால் சுதையும் கையோடு வரும். வேர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, சுற்றிலும் மெல்லச் சுரண்டி, பிறகுதான் எடுக்க வேண்டும். விளக்கடியில் பல வருடமாக இறுகிப்போன எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆசிட் பக்கமே போகக்கூடாது, கல் பொரிந்துவிடும். பச்சரிசி மாவைத் தூவி ஊறவிட்டால் எண்ணெயை அது குடித்துக்கொள்ளும். பிறகு சுரண்டி, சீயக்காய் போட்டுத் தேய்த்தால், உள்ளே உறங்கிக்கொண்டிருந்த கல் கண் திறக்கிற அந்த நிமிடம் இருக்கிறதே, அதற்கு ஈடான சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

உழவாரத்தைக் கையில் ஏந்தி நடந்தவர் அப்பர் சுவாமிகள். அவருக்கும் முன்னால் அவருடைய அக்கா திலகவதியார் திருவதிகையில் விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்கி மெழுகிக்கொண்டிருந்தார். தம்பிக்குத் தேவாரம் வருவதற்கு முன்பே அக்காவின் துடைப்பம் பணியைத் தொடங்கிவிட்டது என்பதை எங்கள் கூட்டத்து அக்காமார் சமயம் கிடைக்கும்போதெல்லாம் நினைவூட்டுவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது திருவீழிமிழலைக் கதை. பஞ்ச காலம். அடியார்களுக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஒரு பொற்காசு தருகிறான். சம்பந்தர் காசைக் கடைத்தெருவில் வட்டம் பிடித்துக்கொண்டு மாற்றித் தருகிறார்கள். அப்பர் காசு மாசில்லாமல் போகிறது. அப்பர் மடத்தில் நேரத்தோடு அமுது தயார். சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று விசாரித்தால், அப்பர் உடலால் கைத்தொண்டு செய்கிறவர், அதனால் அவருக்கு நல்ல காசு என்று தெரிகிறது. ஞானப்பால் உண்ட சம்பந்தப் பிள்ளைக்கே இந்தக் கணக்கு! பெரியபுராணம் சொல்லும் இந்தச் செய்தியை உடம்பால் புரிந்துகொள்ள நான் மன்னார் வரை போக வேண்டியிருந்தது.

ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு: திருக்கோணமலை, திருக்கேதீச்சரம். கேதீச்சரத்தைப் பாடியவர்கள் சம்பந்தரும் சுந்தரரும். இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். நம் திருவேற்காட்டைப் பாடியவர் அதே சம்பந்தர். நம் திருமுல்லைவாயிலைப் பாடியவர் அதே சுந்தரர். ஒற்றியூரில் சங்கிலியாரைப் பிரிந்து, கண்ணொளி இழந்து வந்த வழியில் இங்கே நின்று பாடினார். ஆக, நம் வீட்டுக் கோயிலுக்கும் மன்னார்க் கோயிலுக்கும் பாடிய வாய் ஒன்று. ஆனால் அவர்கள் இருவரும் இராமேசுவரத்தில் இந்தக் கரையில் நின்றே அந்தக் கரைச் சுவாமியைப் பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அவர்கள் கால் படாத மண்ணில் நம் கால் படப் போகிறது என்ற நினைப்பில் கிளாம்பாக்கத்தில் நாகப்பட்டினம் பேருந்தில் ஏறும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலோடு மறுபடி கிளம்பியது. ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். விமானத்தில் இன்னும் சீக்கிரம் போகலாம், எனக்கு அது வேண்டாம். மேல்தளத்தில் நின்று, நம் கரை மறைவதையும் அந்தக் கரைப் பனைமரங்கள் தலை காட்டுவதையும் பார்க்க வேண்டும். கப்பலில் எங்கள் அக்காமார் கேதீச்சரப் பதிகத்தை எடுக்க, பின்னால் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருவர் பண் தவறாமல் சேர்ந்துகொண்டார். எங்களைவிட நன்றாகவே பாடினார்.

காங்கேசன்துறையில் சுங்கச் சோதனை. பெட்டிக்குள் சாக்கில் சுற்றிய இரும்பைப் பார்த்ததும் அதிகாரி நிமிர்ந்தார். பிரித்துக் காட்டினோம். ஒரு கணம் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. “இது அப்பர் சுவாமியின்ர உழவாரம் எல்லோ! கொண்டு போங்கோ, கொண்டு போங்கோ” என்றார். வேறு எந்த நாட்டுத் துறைமுகத்தில் இந்தக் கருவியைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்வார்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் பூநகரி வழியாகச் சாலை. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு சுற்ற வேண்டியதில்லை. இருபுறமும் கடல்நீரேரி, பிறகு பனங்கூடல், உடைமுள், வெள்ளங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று ஊர்ப்பலகைகள். நம் ஊர்ப் பெயர்களைப் போலவே ஒவ்வொன்றிலும் ஒரு மரமோ குளமோ இருக்கிறது. மாந்தைச் சந்தியில் திரும்பியதும் கோயில் வீதி. ஒரு காலத்தில் மாதோட்டம் என்னும் பெரிய துறைமுகம் இருந்த இடம். சோழர்கள் இராசராசபுரம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். இன்று வயலும் வெட்டவெளியும் காற்றுமாக இருக்கிறது.

கோயிலைச் சுற்றியுள்ள மடங்களில் ஒன்றில் தங்கினோம். பாய், தலையணை, கிணறு, அவ்வளவே. அதற்குமேல் என்ன வேண்டும்? விடியலில் எழுந்து கிணற்றடிக்குப் போனால் நமக்கும் முன்னால் ஊர்ப் பெண்கள் தும்புத்தடியோடு வீதிக்கு வந்துவிட்டிருந்தார்கள். அங்கே கோயில் வீதி மணல். அதைப் பெருக்குகிற அழகைப் பார்க்க வேண்டும்! வரிசையாக நின்று, பின்னோக்கி நடந்துகொண்டே கூட்டுகிறார்கள். பெருக்கிய இடத்தில் ஒரு காலடிகூட விழாது. வாரி முடித்த தலை மாதிரி வீதி முழுக்க ஒரே சீராகக் கோடுகள். இத்தனை காலம் கோயில் பெருக்குகிறேன், எங்களில் ஒருவருக்கும் இந்த வித்தை தெரியாது. அன்றே கற்றுக்கொண்டோம். இப்போது முல்லைவாயிலில் எங்கள் அக்காமார் அப்படித்தான் பெருக்குகிறார்கள்.

சிவராத்திரிக்கு முந்தைய நாட்களில் எங்களுக்குக் கொடுத்த பணி பெரிய கோயிலில் இல்லை, சற்றுத் தள்ளி ஒரு குளக்கட்டடியில் இருந்த பிள்ளையார் கோயிலில். அதைக் கேட்டபோது எங்களில் சிலருக்கு முகம் வாடியதை மறைக்க மாட்டேன். போய்ப் பார்த்ததும் வாட்டம் எங்கோ போய்விட்டது. ஓட்டுக் கூரை, முன்னால் சிறிய மண்டபம், பக்கத்தில் பாலைமரமும் வேம்பும். போருக்குப் பிறகு கண்ணிவெடி அகற்றித் திரும்பக் கொடுத்த நிலம். மக்கள் வந்து முதலில் குடிசை போட்டார்கள், அடுத்து பிள்ளையாருக்குக் கூரை போட்டார்கள். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து ஊரே சிரமதானத்துக்குக் கூடியிருந்தது. ஆண்கள் மண்வெட்டியும் கத்தியும் கொண்டு வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு லீவு. நாங்கள் உதவி செய்யப் போனோம் என்று சொல்வதே பிழை. அவர்கள் தினம் செய்கிற வேலையில் எங்களுக்கும் ஓர் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள்.

மண்டபத்துத் தரை இடுக்கில் புல் செதுக்க உழவாரத்தை இறக்கியதும் பிள்ளைகள் சூழ்ந்துவிட்டார்கள். அப்பர் படத்திலும் சிலையிலும் மட்டுமே அவர்கள் அதைப் பார்த்திருந்தார்கள். “மாமா, எனக்குத் தாங்கோ” என்று ஒவ்வொன்றும் கை நீட்ட, பிடிக்கிற விதம் சொல்லிக் கொடுத்தேன். இடது கை மேலே, வலது கை கீழே, தள்ளாமல் இழுக்க வேண்டும். அரைமணி நேரத்தில் அந்தப் பிள்ளைகள் மண்டபத்தின் ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டார்கள். அக்காமார் அரிசி மாவோடு விளக்கடியில் உட்கார்ந்தார்கள். ஐயாக்கள் கூரையிலிருந்து ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, பாசி தேய்த்து, உடைந்ததை ஒதுக்கி, மறுபடி அடுக்கினார்கள். டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்த கைகள் அல்லவா, ஓர் ஓடுகூடக் கோணவில்லை.

நடுவில் ஓர் அம்மா பெரிய கேத்தலோடு வந்தார். “பிள்ளையள், முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ. பிறகு செய்யலாம்.” எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். அம்பத்தூர் என்றேன். கேத்தலைக் கீழே வைத்துவிட்டார்.

“அம்பத்தூரோ? நான் புழல் காவாங்கரை காம்ப்பில இருந்தனான் தம்பி. எஸ்டேட்டில ஒரு கார்மென்ட்ஸில தையல் வேலை. உங்கட ஊர் பஸ்ஸெல்லாம் எனக்குத் தெரியும்.”

1990இல் போர் மறுபடி மூண்டபோது மன்னாரிலிருந்து படகேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து காவாங்கரைக்கு அனுப்பப்பட்ட பலரில் அவரும் ஒருவர். இளமை முழுதும் நம் பக்கத்தில் போயிருக்கிறது. போர் முடிந்த பிறகு ஊர் திரும்பினார். கள்ளிக்குப்பம், பாடி, கொரட்டூர் என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டார். திருமுல்லைவாயில் அம்மன் நலமா என்று கேட்டார்! பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேலை முடித்துக் கொடியிடை அம்மனைப் பார்க்க வந்திருக்கிறார். சந்தனக்காப்பு களையும் சித்திரைச் சதயத்தன்று ஒருமுறை சுவாமியைக் காப்பில்லாமல் தரிசித்ததையும் சொன்னார். அந்தச் சதயம்தான் அப்பர் சுவாமிகளின் குருபூசை நாளும். நான் பணி செய்கிற அதே பிராகாரத்தில் அந்த அம்மா எத்தனை முறை நடந்திருப்பார்! நம் பக்கத்து முகாமில் வருடக்கணக்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு நாம் ஒரு கேத்தல் டீ கொண்டுபோனோம் என்ற கேள்வி எனக்குள் எழாமல் இல்லை. அவர் அப்படி எதையும் கேட்கவில்லை. மதியம் எல்லோருக்கும் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சொதியும் அவர் மேற்பார்வையில்தான் வந்தது. திருவேற்காட்டில் பிறந்த மூர்க்க நாயனார் அடியார்களுக்குச் சோறு போடுவதற்காகவே சூதாடினார் என்பார்கள். இந்த அம்மா போட்ட சோற்றைத் தின்றிருந்தால் அவரே எழுந்து வந்து பரிமாறியிருப்பார்.

மாலையில் பெரிய கோயிலுக்கு எங்களை அழைத்துப் போனவர் ஊர்ப் பெரியவர் ஒருவர். கேதீச்சரத்தின் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். போர்த்துக்கீசர் இடித்தார்கள், அந்தக் கற்கள்தான் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது ஊர்ப் பேச்சு. முந்நூறு வருடம் காடு மூடிக் கிடந்த இடத்தை, “இதைத் தேடி எடுங்கள்” என்று 1872இல் ஆறுமுக நாவலர் எழுதிக் குரல் கொடுத்தார். கோயிலைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, 1879இல் காலமானார். 1893இல் சைவ மக்கள் பணம் சேர்த்து அந்தக் காட்டை அரசாங்க ஏலத்தில் வாங்கினார்கள். அடுத்த வருடம் தோண்டியபோது பழைய லிங்கம் கிடைத்தது. 1903இல் குடமுழுக்கு. 1948இல் திருப்பணிச் சபை அமைத்துச் சேர் கந்தையா வைத்தியநாதன் தலையில் சுமந்தார். 1990இல் போர் எல்லோரையும் விரட்டியது. கோயில் நெடுங்காலம் இராணுவத்தின் பிடியில். பிறகு மறுபடி திரும்பி வந்து, இந்திய அரசின் நிதியுதவியோடும் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் துணையோடும் கருங்கல்லில் எழுப்பி, 2022 ஜூலை 6இல் குடமுழுக்குச் செய்திருக்கிறார்கள். நம் செங்கல்பட்டுப் பக்கத்து உளிக்குப் பழகிய கல்வேலை அங்கே நிற்பதைப் பார்த்தபோது தூணைத் தடவிக் கொடுத்தேன்.

“ஊரை விட்டுப் போன வருசங்களில என்ன செய்தனீங்கள் ஐயா?” என்று அவர் பேச்சிலேயே கேட்டேன். “இருந்த இடத்தில கேதீச்சரப் பக்கம் பார்த்துக் கும்பிட்டனாங்கள். இந்த நேரம் பூசை, இந்த நேரம் மணி எண்டு மனசில வைச்சிருந்தனாங்கள்” என்றார். எனக்குத் திருநின்றவூர்ப் பூசலார்தான் நினைவில் வந்தார். கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே செங்கல் அடுக்கி, சுதை பூசி, குடமுழுக்கு நாளும் குறித்தவர். காஞ்சியில் அரசன் கட்டிய கற்றளிக்கு அதே நாளில் குடமுழுக்கு. “நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன்” என்று இறைவன் கனவில் சொல்லி அவனை நிறுத்திவைத்தான். நம் ஊருக்கு ஒரு பூசலார். கேதீச்சரத்தில் ஊர் முழுவதும் பூசலார்கள்.

இனி சிவராத்திரி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்!

கொழும்பு, யாழ்ப்பாணம், வவுனியா, மலையகத் தோட்டங்கள் என்று எங்கெங்கிருந்தோ பேருந்துகள். பாலாவித் தீர்த்தத்தில் முழுகி, ஈர உடையோடு குடத்தில் நீர் மொண்டு, தலையிலும் தோளிலும் வைத்து நடந்து வருகிறார்கள். அன்று தோண்டியெடுத்த அந்தப் பழைய லிங்கத்துக்கு அவரவர் கையாலேயே அபிடேகம் செய்யலாம். எந்த ஊர், என்ன சாதி என்ற கேள்வி இல்லை. குடத்தோடு வருகிறவர் எல்லோருக்கும் உரிமை. நானும் குடம் எடுத்தேன். வரிசை நகர நகர நமசிவாய முழக்கம் காதை அடைத்தது. முன்னால் பசறையிலிருந்து வந்த தேயிலைத் தோட்டத்து அம்மா, பின்னால் கொழும்பில் வங்கி வேலை பார்க்கும் இளைஞர். என் முறை வந்தது. இத்தனை வருடம் கருவறைக்கு வெளியே நின்று கும்பிட்டுப் பழகிய என் கை, சுவாமியின் திருமேனியில் நீரை வார்த்தது. கண்ணீரும் அதோடு சேர்ந்து விழுந்தது. என்ன வேண்டிக்கொண்டேன் என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை, நிறைந்திருந்தது. நான்கு சாமமும் விழித்திருந்தோம். எங்கள் அக்காமார் முல்லைவாயில் பதிகத்தையும் பாடினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அதையும் கூடவே பாடினார்கள்.

சிவராத்திரியைச் சொல்லத்தான் காத்திருந்தேன் என்றேன். என் கணக்கில் அதைவிட உயர்ந்தது ஒன்று உண்டு என்றால் அது மறுநாள் விடிந்த பொழுது. கூட்டம் கலைந்துவிட்டது. பேருந்துகள் போய்விட்டன. வீதி முழுவதும் தண்ணீர் போத்தல், காகிதக் கோப்பை, வாழையிலை, பாலாவிக் கரையில் அவிழ்த்துப் போட்ட ஈரத் துணிகள். ஊர் இளைஞர் கழகப் பிள்ளைகள் சாக்கோடு நின்றார்கள். இரவெல்லாம் விழித்த கண்களோடு நாங்களும் இறங்கினோம். பிளாஸ்டிக் ஒரு சாக்கு, இலையும் பூவும் ஒரு சாக்கு, துணி தனியே. இலையும் பூவும் நந்தவனத்துக் குழிக்குப் போயின. பாலாவியில் இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக் கரை சேர்த்தோம். அக்கரையில் ஒரு தம்பி ஏதோ சினிமாப் பாட்டை எடுத்தான், பெரியவர் ஒருவர் அதட்டாமல் அதே மெட்டில் சிவபுராணத்தைத் தூக்கிப் பாட, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். உச்சி வெயில் ஏறியபோது வீதி பழைய மணலாகிவிட்டது, பெண்கள் தும்புத்தடியோடு பின்னோக்கி நடந்து கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். முதல் நாள் இரவில் கிடைத்த ஆனந்தம் எனக்கு மட்டும் ஆனது. அந்தக் காலையில் கிடைத்தது எல்லோருடையதும். அப்பர் காசு ஏன் மாசில்லாமல் போனது என்று எனக்கு அங்கே விளங்கிற்று: முழங்கால் சேற்றில் நின்று பக்கத்து ஆளின் கையிலிருந்து ஈரத்துணியை வாங்கும்போது, நான் பெரிய பக்தன் என்ற நினைப்புக்கு மனத்தில் இடமே இல்லை.

கிளம்பும்போது உழவாரங்களைப் பிள்ளையார் கோயிலிலேயே வைத்துவிட்டு வந்தோம். அவர்கள் கேட்கவில்லை, ஆனால் பிள்ளைகளின் கண்கள் அதிலேயே இருந்தன. இப்போது அவ்வூர்க் கொல்லர் அதைப் பார்த்துப் புதிதாகச் செய்து பக்கத்துக் கிராமங்களுக்கும் தருகிறாராம், படம் அனுப்பியிருக்கிறார்கள். பிடிக்குப் பனஞ்சிராம்பு போட்டிருக்கிறார், எங்கள் பட்டறை அடியார் அந்த வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார்.

வர நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். பாஸ்போர்ட் வேண்டும், இலங்கைக்கு இணையவழியில் பயண அனுமதி எடுக்க வேண்டும். கப்பல் கடலின் போக்கைப் பொறுத்தது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், ஆகவே முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் வேட்டி நிறைய எடுத்து வையுங்கள், அங்கே கோயிலுக்குள் மேல்சட்டை கூடாது. தொப்பி அவசியம், மன்னார் வெயிலுக்கும் காற்றுக்கும் நம் வெயில் ஒன்றுமே இல்லை. அரிசி மாவு, சீயக்காய் எல்லாம் அங்கேயே கிடைக்கும், சுமக்க வேண்டாம். உழவாரத்தைச் சாக்கில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் போடுங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கடலோரச் சதுப்பில் பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கலாம். மாசியில் அவை அங்கே இருக்கும். கடல் தாண்ட முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வாருங்கள், திருவள்ளூர்ப் பக்கத்தில் கோயிலுக்கா பஞ்சம்?

காவாங்கரை அம்மாவிடம் அடுத்த சிவராத்திரிக்கு இன்னும் பெரிய கூட்டமாக வருகிறோம் என்று போனில் சொன்னேன். “அதெல்லாம் வாங்கோ தம்பி, எத்தினை பேர் எண்டு இப்பவே சொல்லுங்கோ. அரிசி போட வேணும்” என்றார். என்ன எண்ணிக்கை சொல்லட்டும்?